அயனிக்கற்றையால் சிலிக்கனில் வரி போட்டு, மேலே ஏறும் காந்தப் படலத்துக்குத் திசை கொடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிலிக்கன் வேஃபரைக் குறைந்த ஆற்றல் ஆர்கான் அயனிகளால் சாய்வாக அடித்தால், மணல்மேட்டில் காற்று இழைத்துவிட்டுப் போவது மாதிரி மேற்பரப்பில் வரிவரியாக விழும். வரிக்கு வரி இடைவெளி சுமார் 25 முதல் 50 நானோமீட்டர், உயரம் ஒன்றிரண்டு நானோமீட்டர்தான். அதன் மேல் 10 நானோமீட்டர் காந்தப் படலம் ஏற்றினால், காந்தமாக்கம் வரியின் நீளவாக்கில் சுலபமாகத் திரும்பும், குறுக்கே திருப்ப அதிகக் காந்தப்புலம் கேட்கும். இந்தத் திசைச்சார்பைத்தான் லேப்பில் அனைசோட்ரபி என்கிறோம். சுலபத் திசை ஈஸி ஆக்சிஸ், மற்றது ஹார்டு ஆக்சிஸ்.

வேலை கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் புதிதாக வருகிறவர்கள் மாதக்கணக்கில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன், நானும் தடுமாறியிருக்கிறேன். காரணம் பெரும்பாலும் இயற்பியல் அல்ல. எந்தத் துண்டு எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பதை எழுதி வைக்காததும், ஒப்பிட ஒரு சமதளத் துண்டு இல்லாததும்தான். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் இந்த இரண்டிலும் மாட்ட மாட்டீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு பக்கம் பாலிஷ் செய்த சிலிக்கன் (100) வேஃபர், (100) என்பது படிகம் வெட்டப்பட்ட தளத்தின் பெயர். அகன்ற கற்றை தரும் ஆர்கான் அயனித் துப்பாக்கி, 500 எலக்ட்ரான் வோல்ட் முதல் 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை போனால் போதும். துப்பாக்கிக்கு முன்னால் கோணம் மாற்றக்கூடிய சாம்பிள் ஹோல்டர். கற்றை மின்னோட்டம் அளக்க ஒரு ஃபாரடே கப். படலம் ஏற்ற எலக்ட்ரான் பீம் ஆவியாக்கியோ ஸ்பட்டரிங் கருவியோ. பார்க்க ஏஎஃப்எம், அதாவது கூர்முனையால் பரப்பைத் தடவி மேடுபள்ளத்தைப் படமாக்கும் நுண்ணோக்கி. அளக்க மோக். மோக் என்பது காந்தப் பரப்பில் பட்டுத் திரும்பும் லேசரின் முனைவாக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்துக் காந்தமாக்கத்தை அறியும் முறை.

எல்லாம் ஒரே லேப்பில் இருக்காது, எங்களுக்கும் இல்லை. இந்தியாவில் இந்தோரில் உள்ள யுஜிசி-டிஏஇ மையம், புவனேஸ்வர் இயற்பியல் கழகம் போன்ற இடங்களில் இந்த வகை வேலை நடக்கிறது. வெளியே நேரம் வாங்கிப் போகிறவர்கள் 3ஆம், 5ஆம் பகுதிகளில் சொல்வதை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போங்கள். அங்கே போய் வேஃபர் வெட்டிக்கொண்டிருந்தால் கிடைத்த இரண்டு நாளில் ஒரு நாள் போய்விடும்.

முதல் காந்தப் பொருளாகப் பெர்மல்லாய் எடுங்கள், அதாவது நிக்கல் 81, இரும்பு 19 சத அளவில் கலந்தது. இதற்குப் படிகத்தால் வரும் திசைச்சார்பும், இழுவிசைக்குக் காட்டும் காந்த மாற்றமும் கிட்டத்தட்டச் சுழி. ஆகவே அதில் திசை தெரிந்தால் வரிதான் காரணம் என்று நம்பிச் சொல்லலாம். கோபால்ட்டில் தொடங்கினால் வரி கொடுத்தது எவ்வளவு, படிகம் கொடுத்தது எவ்வளவு என்று பிரிப்பதற்குள் தலை நரைத்துவிடும்.

2. முதலில் கணக்கு, பிறகு வாக்குவம்

எவ்வளவு அனைசோட்ரபி வேண்டும் என்று முன்பே தீர்மானிக்கவும். "அடித்துப் பார்ப்போம், வருவது வரட்டும்" என்று தொடங்கினால், வந்தது சரியா தவறா என்றே கடைசிவரை தெரியாது.

அடிப்படை இதுதான். காந்தமாக்கம் வரிக்குக் குறுக்கே நின்றால் ஒவ்வொரு வரியின் இரு சரிவிலும் வடமுனை, தென்முனை என்று காந்த முனைகள் தோன்றும், அவை வெளியே விடும் புலத்துக்கு ஆற்றல் செலவாகும். நீளவாக்கில் நின்றால் அந்தச் செலவு இல்லை. இந்த வித்தியாசத்தைப் புலமாக மாற்றினால் ஒரு எளிய சூத்திரம் கிடைக்கிறது: தெவிட்டிய காந்தமாக்கத்தை (புலத்தை எவ்வளவு கூட்டினாலும் மேலே ஏறாத உச்ச மதிப்பு) டெஸ்லாவில் எடுத்து, 3.14 ஆல் பெருக்கி, மேடுபள்ளத்தின் ஆர்எம்எஸ் மதிப்பின் (சராசரி மட்டத்திலிருந்து உயரம் விலகும் அளவின் வர்க்கச் சராசரிக்கு வர்க்கமூலம்) வர்க்கத்தாலும் பெருக்கி, வரி இடைவெளியாலும் படலத் தடிமனாலும் வகுக்க வேண்டும்.

பெர்மல்லாய்க்கு 1 டெஸ்லா, ஆர்எம்எஸ் 1 நானோமீட்டர், இடைவெளி 30, தடிமன் 10 என்று போடுங்கள். 3.14-ஐ 300 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.0105 டெஸ்லா, அதாவது 10 மில்லிடெஸ்லா. ஒரு பரப்பு மட்டும் வரியாக இருந்தால் இந்த விடை. படலத்தின் மேல்பரப்பும் அடிப்பரப்பைப் போலவே வரியோடு வளர்ந்திருந்தால் இதே எண்களுக்கு 18 மில்லிடெஸ்லா வரை போகலாம். ஆக 10-க்கும் 18-க்கும் நடுவில் எங்கேயாவது எதிர்பாருங்கள். 1 மில்லிடெஸ்லா வந்தால் ஏதோ தப்பு, 60 வந்தாலும் ஏதோ தப்பு.

சூத்திரத்தில் கவனிக்க வேண்டியது வர்க்கம். உயரம் 1-லிருந்து 0.7-க்குக் குறைந்தால் அனைசோட்ரபி பாதியாகிவிடும். இடைவெளியில் அதே அளவு பிசகு வந்தால் இவ்வளவு அடி விழாது. பழகாதவர்கள் இடைவெளியைத்தான் உட்கார்ந்து அளப்பார்கள், ஏனென்றால் அது படத்தில் பளிச்சென்று தெரிகிறது. நீங்கள் உயரத்தைக் கவனியுங்கள்.

3. வெட்டுவதும் குறி போடுவதும்

10 க்கு 10 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு சுற்றுக்குக் குறைந்தது நான்கு வேண்டும்: இரண்டு அடிக்க, ஒன்று அடிக்காமல் சமதளமாக வைத்துக்கொள்ள, இன்னொன்று உடைந்தால் மாற்ற.

ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் வைரமுனைப் பேனாவால் ஓர் அம்புக்குறி கீறவும். அம்பு காட்டும் திசைதான் அயனிக்கற்றை போகும் திசை என்று இப்போதே வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை அதை மாற்ற வேண்டாம். சதுரத் துண்டுக்கு நான்கு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்து டேப்பில் ஒட்டும்போது 90 பாகை திரும்பிவிட்டால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மார்க்கர் பேனா எதற்கும் உதவாது, அசிட்டோனில் முதல் நிமிடத்திலேயே போய்விடும்.

எங்கள் குழுவில் ஒருவர் இரண்டு வாரம் ஒரு "எதிர்த்திசை அனைசோட்ரபி"யைத் துரத்திக்கொண்டிருந்தார். ஈஸி ஆக்சிஸ் வரிக்குக் குறுக்கே இருக்கிறது, புதிய இயற்பியல் என்று ஸ்லைடெல்லாம் தயார். கடைசியில் பார்த்தால் மோக் மேடையில் துண்டு 90 பாகை திரும்பி ஒட்டியிருந்தது. பின்பக்கம் குறி இல்லை. அந்த ஒருவர் நான்தான்.

4. சுத்தம் செய்தல்

அசிட்டோனில் 5 நிமிடம், ஐசோப்ரோப்பனாலில் 5 நிமிடம், இரண்டும் அல்ட்ராசோனிக் தொட்டியில். பிறகு டீஅயனைஸ்டு தண்ணீர், நைட்ரஜன் ஊதி உலர்த்தல். அசிட்டோன் துண்டிலேயே காய விடாதீர்கள், கறை நிற்கும். கறை இருந்த இடத்தில் அரிப்பு வேறு மாதிரி போகும், ஏஎஃப்எம்மில் தீவுதீவாகத் தெரியும்.

ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் முக்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்த வேலைக்கு வேண்டாம். இயல்பான ஆக்சைடு 2 நானோமீட்டர் அளவுதான், அயனிகள் ஆரம்பத்திலேயே அதைத் தின்றுவிடும். தேவையில்லாத இடத்தில் அவ்வளவு ஆபத்தான அமிலத்தைக் கையில் எடுக்காதீர்கள்.

5. ஹோல்டரில் வைத்தல்: இரும்பு தெரியக்கூடாது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஹோல்டரில் துண்டைப் பிடிக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப் இருக்கும். கற்றை துண்டைவிட அகலம், ஆகவே கிளிப்பிலும் படும், கிளிப்பிலிருந்து இரும்பு, குரோமியம், நிக்கல் அணுக்கள் தெறித்துச் சிலிக்கன் மேல் விழும். அளவு மிகக் கொஞ்சம்தான். ஆனால் உலோகக் கலப்பு சேர்ந்த சிலிக்கன் அரிக்கப்படும் விதமே மாறிவிடும். சுத்தமான சிலிக்கன் வழுவழுப்பாகவே இருக்க வேண்டிய கோணத்திலும் இரும்பு விழுந்தால் வரிகளும் புள்ளிகளும் முளைக்கும். இந்தத் துறையிலேயே முதலில் இது புரியாமல் ஒரே கோணத்துக்கு ஒரு லேப்பில் வரி, இன்னொரு லேப்பில் வெறும் தரை என்று வெகுநாள் குழப்பம் இருந்தது.

நம் வேலைக்கு இதில் இரண்டாவது தலைவலியும் உண்டு. நாம் அளக்கப்போவதே காந்தம். அடித்தளத்தில் தெரியாமல் இரும்பு கலந்திருக்கிறது என்றால் பின்னால் எந்தச் சின்ன சிக்னலையும் நம்ப முடியாது.

செய்ய வேண்டியது: கற்றை படக்கூடிய இடம் முழுவதையும் பழைய வேஃபர் துண்டுகளாலோ கிராஃபைட் தகட்டாலோ மூடுங்கள். துண்டைக் கிளிப்பால் பிடிக்காமல் அடியில் ஒட்டுங்கள். சில்வர் பேஸ்ட் என்றால் துண்டின் அடியிலேயே நிற்க வேண்டும், ஓரத்தில் பிதுங்கினால் இரும்புக்குப் பதில் வெள்ளி தெறிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். வேலை முடிந்ததும் துண்டின் நடுவிலும் ஓரத்திலும் ஏஎஃப்எம் எடுங்கள். ஓரத்துக்குப் போகப்போக வரி உயரம் கூடுகிறது என்றால் பக்கத்தில் ஏதோ உலோகம் கற்றைக்குத் தெரிகிறது என்று அர்த்தம்.

6. கோணம் வைத்தல்

கோணத்தைப் பரப்பின் செங்குத்திலிருந்து அளக்கிறோம். கற்றை நேராக முகத்தில் அடித்தால் 0, உரசிக்கொண்டு போனால் 90. சிலிக்கனில் ஆர்கானுக்கு 65 முதல் 70 வரை நல்ல இடம், நான் 67-ல் வைக்கிறேன். 45-க்குக் கீழே சுத்தமான சிலிக்கன் வழுவழுப்பாகத்தான் ஆகும், எத்தனை மணி நேரம் அடித்தாலும் வரி வராது. 80-ஐத் தாண்டி உரசலாகப் போனால் வரிகள் திசை மாறிக் கற்றை போகும் வாக்கிலேயே படுத்துவிடும்.

67-ல் வரிகள் கற்றைக்குக் குறுக்கே ஓடும், கடல் அலை கரைக்கு வருவது போல. ஆகவே பின்பக்க அம்புக்கு 90 பாகையில்தான் வரி, அதே திசையில்தான் ஈஸி ஆக்சிஸ். இந்த வாக்கியத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். "கற்றை திசையில் ஈஸி ஆக்சிஸ்" என்று நினைத்துக்கொண்டு மோக்கில் உட்காருகிறவர்களை வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன்.

ஹோல்டரின் கோண அளவுகோலை அப்படியே நம்பாதீர்கள். துப்பாக்கியே கொஞ்சம் சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். ஒரு லேசர் பாயின்டரைத் துப்பாக்கி வாயிலிருந்து பிடித்து, வேஃபரில் பட்டுத் திரும்பும் புள்ளியை வைத்துச் சுழிக் கோணத்தை ஒருமுறை சரிபார்த்துவிட்டால் போதும்.

7. மின்னோட்டம் அளந்து நேரம் கணக்கிடுதல்

கற்றை மின்னோட்டத்தைச் சாம்பிள் இருக்கும் இடத்திலேயே அளக்கவும். வெறும் தகட்டை வைத்து அளந்தால் எண் பெரிதாக வரும், ஏனென்றால் அயனி விழும்போது தகட்டிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி ஓடும், மீட்டருக்கு அதுவும் உள்ளே வரும் நேர்மின்னோட்டமாகவே தெரியும். முன்னால் எதிர்மின்னழுத்த வளையம் உள்ள ஃபாரடே கப்தான் சரி. அளக்கும்போது நியூட்ரலைசரை (கற்றையின் நேர்மின்னூட்டத்தைச் சமன்செய்ய எலக்ட்ரான் விடும் கருவி) அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அதன் எலக்ட்ரான்கள் கப்பில் விழுந்து எண்ணைக் குறைக்கும்.

ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 மைக்ரோ ஆம்பியர் வந்தது என்று வையுங்கள். எலக்ட்ரான் மின்னூட்டத்தால் வகுத்தால் நொடிக்கு 1.25×10¹⁵ அயனிகள். நமக்கு வேண்டிய மொத்தம் 5×10¹⁷ என்றால் 400 நொடி. இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். கற்றைக்குக் குறுக்கே உள்ள பரப்புக்கான கணக்கு இது. துண்டு 67 பாகை சாய்ந்திருக்கிறது, அதே அயனிகள் அகலமான இடத்தில் பரவி விழுகின்றன. கொசைன் 67 ஏறக்குறைய 0.39. ஆக வேஃபர் பரப்பில் 5×10¹⁷ விழ 1020 நொடிக்கு மேல், அதாவது 17 நிமிடம் ஆகும்.

கட்டுரைகளில் சிலர் முதல் கணக்கையும் சிலர் இரண்டாவதையும் எழுதுகிறார்கள், எது என்று சொல்லாமலேயே விட்டுவிடுவதும் உண்டு. இரண்டரை மடங்கு வித்தியாசம். ஒருவர் கட்டுரையைப் பார்த்து அதே அளவு அடித்தும் வரியே வரவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். உங்கள் நோட்டில் அளவை எழுதும்போது "பரப்புக்கு" அல்லது "கற்றைக்கு" என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

8. அடித்தல்

அறையை 10⁻⁶ மில்லிபார் அல்லது அதற்குக் கீழே இறக்குங்கள். ஆர்கான் விட்டதும் 10⁻⁴ அளவில் நிற்கும். ஷட்டரை மூடியபடியே துப்பாக்கியை 10, 15 நிமிடம் ஓட விடவும். தொடக்கத்தில் மின்னோட்டம் ஆடும், துப்பாக்கியின் உள்சுவரில் ஒட்டியிருந்த அழுக்கும் அப்போதுதான் வெளியே வரும். அதைத் துண்டின் மேல் வாங்க வேண்டாம். மின்னோட்டம் நிலையானதும் நியூட்ரலைசரைப் போட்டு ஷட்டரைத் திறக்கவும்.

முதல் முறை 500 எலக்ட்ரான் வோல்ட், 5×10¹⁷, பரப்புக்கு. ஓர் அயனிக்கு ஓர் அணு என்று வைத்தாலே இதில் 100 நானோமீட்டர் சிலிக்கன் போயிருக்கும். "லேசாக மேற்பரப்பைத் தொட்டோம்" என்று நினைக்காதீர்கள், நல்ல ஆழத்துக்குத் தோண்டியிருக்கிறோம், வரி அந்தத் தோண்டலில் மிஞ்சிய சின்ன அலை மட்டுமே. வரி உயரம் ஆரம்பத்தில் வேகமாக ஏறி ஒரு கட்டத்தில் நின்றுவிடும். நின்ற பிறகு அடிப்பது வீண் அல்ல, வரிகள் இன்னும் ஒழுங்காகும். உயரம் மட்டும் கூடாது.

நடுவில் துப்பாக்கி அணைந்துவிட்டால் பதற வேண்டாம். கதவைத் திறக்காமல், நேரத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடி நிலைப்படுத்தி மீதியை அடியுங்கள். சிலிக்கனில் அறை வெப்பநிலையில் வரி அழியாது.

முடிந்ததும் நைட்ரஜன் விட்டுத் திறக்கவும். காற்றுப் பட்டதும் ஒன்றிரண்டு நானோமீட்டர் ஆக்சைடு மேலே உருவாகும், இந்த வேலைக்கு அது நல்லதே. புதிய சிலிக்கன் மேல் நேராக நிக்கலோ இரும்போ விழுந்தால் இடைமுகத்தில் சிலிசைடு (உலோகமும் சிலிக்கனும் சேர்ந்த சேர்மம்) உருவாகிக் காந்தம் செத்த ஓர் அடுக்கு வரும், ஆக்சைடு அதைத் தடுக்கிறது. காற்றில் எடுக்காமல் உள்ளேயே படலம் ஏற்றுகிறவர்களுக்குத்தான் இந்தக் கவலை, அவர்கள் நடுவில் ஒரு மெல்லிய தடுப்பு அடுக்கு போட வேண்டியிருக்கும்.

9. படலம் ஏற்றும் முன் ஏஎஃப்எம்

ஏற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஏற்றியபின் தெரிவது படலத்தின் மேல்பரப்பு மட்டுமே, அடியில் என்ன இருந்தது என்று பிறகு எந்த வழியிலும் எளிதாகத் தெரியாது.

படம் 1 மைக்ரோமீட்டர் சதுரம், 512 புள்ளிகள். அப்போது ஒரு புள்ளிக்கு 2 நானோமீட்டர், 30 நானோமீட்டர் வரிக்கு 15 புள்ளி கிடைக்கும். 5 மைக்ரோமீட்டரில் 256 புள்ளி எடுத்தால் ஒரு புள்ளிக்கு 20 நானோமீட்டர், வரி காணாமல் போய்விடும் அல்லது இல்லாத ஒரு பெரிய அலை தெரியும். "வரியே விழவில்லை சார்" என்று வந்த எத்தனையோ துண்டுகள் மறுபடி சரியாக எடுத்தபோது அழகாக இருந்திருக்கின்றன.

முனையையும் பாருங்கள். முனையின் வளைவு 10 நானோமீட்டர் என்றால் 30 நானோமீட்டர் இடைவெளியுள்ள பள்ளத்தின் அடிவரை அது இறங்குமா என்பது சந்தேகம்தான். தேய்ந்த முனை என்றால் நிச்சயம் இறங்காது, உயரம் குறைவாகக் காட்டும், நாம் அதை வர்க்கம் வேறு செய்யப்போகிறோம். புதிய முனையில் எடுங்கள். ஆர்எம்எஸ் எண்ணை மென்பொருள் தருவதை அப்படியே எடுக்காமல், படத்தின் சாய்வையும் நீண்ட அலையையும் நீக்கிய பிறகு எடுங்கள். எஃப்எஃப்டி (படத்தில் எந்த இடைவெளி, எந்தத் திசை அலைகள் உள்ளன என்று பிரித்துக் காட்டும் கணக்கு) போட்டால் நடுப்புள்ளிக்கு இருபுறமும் இரண்டு பிறை தெரியும். அந்தப் பிறை எவ்வளவு வளைந்து பரவியிருக்கிறதோ, அவ்வளவுக்கு வரிகள் திசை தவறி ஓடுகின்றன.

10. படலம் ஏற்றுதல்

வரித்துண்டையும் சமதளத் துண்டையும் ஒரே ஹோல்டரில், பக்கத்தில் பக்கத்தில், ஒரே நேரத்தில் ஏற்றவும். அடுத்த வாரம் தனியாக ஏற்றிய சமதளத் துண்டு ஒப்பீடே அல்ல. தடிமனில் ஒரு நானோமீட்டர் மாறினாலும், ஆவி சற்றுச் சாய்ந்து வந்தாலும் அந்த மாற்றம் வரியின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆவி செங்குத்தாக வர வேண்டும். சாய்ந்து வந்தால் சமதளப் பரப்பிலேயே துகள்கள் ஒன்றுக்கொன்று நிழல் போட்டுக்கொண்டு வளரும், அதுவே ஒரு அனைசோட்ரபியைக் கொடுக்கும். ஸ்பட்டரிங் என்றால் மேக்னட்ரானின் (காந்தம் உள்ளே வைத்த ஸ்பட்டரிங் தலை) கசிவுப் புலத்தையும் பாருங்கள். பெர்மல்லாய் வளரும்போது புலம் இருந்தால் அந்தத் திசையில் அரை மில்லிடெஸ்லா அளவுக்குத் தானாகவே ஒரு ஈஸி ஆக்சிஸ் எடுத்துக்கொள்ளும். நமது 10 மில்லிடெஸ்லாவுக்கு முன் அது சிறிதுதான். இருந்தாலும் தடித்த படலத்துக்குப் போகும்போது வரியின் பங்கு குறைய, அது தலைதூக்கும்.

தடிமன் 10 நானோமீட்டர், நொடிக்கு அரை ஆங்ஸ்ட்ராம் அளவில் மெதுவாக. மேலே 3 நானோமீட்டர் டாண்டலமோ குரோமியமோ மூடுங்கள். மூடாமல் விட்டால் மேல்பகுதி ஆக்சைடாகும், குளிர வைத்து அளக்கும்போது தயக்கக் கண்ணி (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் வரையும் மூடிய வளைவு) ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கும், அது வரியால் வந்தது என்று யாராவது கட்டுரை எழுதிவிடுவார்கள்.

11. மோக்கில் அளத்தல்

அம்பின் திசையைச் சுழியாக வைத்து, 10 பாகைக்கு ஒன்றாக முழு 360 பாகையும் தயக்கக் கண்ணி எடுக்கவும். ஹார்டு ஆக்சிஸுக்குப் பக்கத்தில் 2 பாகைக்கு ஒன்று. "180 போதும், மீதி அதே மாதிரிதானே" என்பார்கள். அதே மாதிரி வருகிறதா என்று பார்ப்பதுதான் காரணம். 40 பாகையிலும் 220 பாகையிலும் வேறுவேறு வந்தால் துண்டு மேடையில் ஆடுகிறது, அல்லது லேசர் புள்ளி சுற்றும்போது இடம் மாறுகிறது.

புலம் நீங்கள் கணக்கிட்ட மதிப்பைப்போல் இரண்டு மடங்கு வரையாவது போக வேண்டும். 10 எதிர்பார்த்தால் 20, 25 மில்லிடெஸ்லா. பாதியில் நிறுத்தினால் ஹார்டு ஆக்சிஸ் தெவிட்டாது, தெவிட்டாத கண்ணியை மென்பொருள் 1-க்கு அளவுப்படுத்தி அழகான தவறான எண்ணைத் தரும்.

வேலை சரியாகப் போயிருந்தால் வரித்துண்டில் அம்புக்கு 90 பாகையில் கண்ணி சதுரமாக நிற்கும், 0 பாகையில் கிட்டத்தட்டச் சாய்கோடாக. அந்தச் சாய்கோடு தெவிட்டலைத் தொடும் புலம்தான் அனைசோட்ரபி புலம், 2ஆம் பகுதியில் கணக்குப் போட்டது. புலமில்லாதபோது மிஞ்சும் காந்தமாக்கத்தை எல்லாக் கோணத்துக்கும் வட்டப் படமாக வரைந்தால் எட்டு போட்டதுபோல் வரும். சமதளத் துண்டு சுமார் வட்டமாக இருக்க வேண்டும்.

மிகச் சரியாக ஹார்டு ஆக்சிஸில் மட்டும் கண்ணி திடீரென்று கொஞ்சம் திறப்பதைப் பார்ப்பீர்கள். கருவிப் பிழை இல்லை. வரிகள் எல்லாம் ஒரே திசையில் இல்லாததால் சில பகுதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் சாய்ந்து ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. இரண்டு பாகை தள்ளி எடுத்தால் போய்விடும். எஃப்எஃப்டியில் பிறை நீளமாக இருந்த துண்டில் இது அதிகம் தெரியும், இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

12. எண் ஒத்துவரவில்லை என்றால்

சமதளத் துண்டும் எட்டு போடுகிறது: படலம் சாய்வாக ஏறியிருக்கிறது, அல்லது கசிவுப் புலம். வரித்துண்டின் முடிவை நம்பாதீர்கள், படலத்தை மறுபடி ஏற்றுங்கள்.

திசை சரி, அளவு கணக்கில் பாதிக்கும் குறைவு: பெரும்பாலும் படலம் நினைத்ததைவிடத் தடிமன். எக்ஸ்-கதிர் எதிரொளிப்பில் ஒருமுறை தடிமனை அளந்துவிடுங்கள், ஏற்றும் கருவியில் படலத் தடிமனைக் காட்டும் படிக மானியை மட்டும் நம்ப வேண்டாம்.

அளவு கணக்கைவிட அதிகம்: ஏஎஃப்எம் முனை தேய்ந்து உயரத்தைக் குறைத்துக் காட்டியிருக்கலாம். புதிய முனையில் திரும்ப எடுத்து வர்க்கத்தைப் போட்டுப் பாருங்கள், பலமுறை அதிலேயே சரியாகிவிடும்.

துண்டின் நடுவில் ஒரு எண், ஓரத்தில் ஒரு எண்: கிளிப். 5ஆம் பகுதிக்குத் திரும்புங்கள்.

13. விருப்பப்படி கூட்டுவதும் குறைப்பதும்

முதல் துண்டு கணக்கோடு ஒத்த பிறகுதான் இது. ஒரு சுற்றில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

மலிவானதும் நம்பகமானதும் தடிமன். அதே வரியில் 10, 20, 40 நானோமீட்டர் ஏற்றினால் அனைசோட்ரபி புலம் ஏறக்குறையப் பாதிபாதியாக இறங்கும். தடிக்கத் தடிக்க மேல்பரப்பு வரியை மறந்து சமமாகிவிடும் என்பதால் கணக்கைவிடச் சற்று வேகமாகவே இறங்கலாம். அனைசோட்ரபி புலத்தை, ஒன்றைத் தடிமனால் வகுத்த எண்ணோடு சேர்த்து வரைந்த கோடு சுழியை நோக்கி நேராகப் போனால் உங்கள் திசைச்சார்பு பரப்பிலிருந்து வருகிறது என்று தைரியமாகச் சொல்லலாம். போகாமல் ஏதோ ஒரு மதிப்பில் முட்டி நின்றால் படலத்தின் உடம்பிலேயே ஒரு பங்கு இருக்கிறது, அதைத் தேட வேண்டும்.

ஆற்றலைக் கூட்டினால் வரி இடைவெளி கூடும், கூடவே உயரமும் மாறும். இரண்டும் ஒரேயடியாக மாறுவதால் புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் இதைக் கடைசியாகத்தான் கொடுப்பேன். அயனி அளவைக் குறைத்து, உயரம் ஏறும் கட்டத்திலேயே நிறுத்தினால் மென்மையான அனைசோட்ரபி கிடைக்கும். ஆனால் அந்தக் கட்டத்தில் ஒரு நிமிடம் முன்பின்னானாலும் உயரம் மாறிவிடும், அடுத்த முறை அதே எண் வராது. மென்மையாக வேண்டும் என்றால் வரியை முழுதாக வளர விட்டுப் படலத்தைத் தடிமனாக்குவதே நல்லது.

சூடேற்றிப் பார்ப்பதை எல்லா அளவும் முடிந்த பின் வைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு நானூறு பாகைக்குப் போனால் படலமும் சிலிக்கனும் கலக்கத் தொடங்கும், அந்தத் துண்டுக்குத் திரும்பிவரும் வழி கிடையாது. மூடிய துண்டுகளை உலர்பெட்டியில் வைத்து, ஒரு மாதம் கழித்து அதே கோணத்தில் ஹார்டு ஆக்சிஸ் கண்ணி மட்டும் ஒன்று எடுங்கள், அம்புக்குறி இன்னும் பின்னால் இருக்கும்.